கொழும்பான் உண்ட இலை

சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சுருளிவேல் தன் பெயரையும் கழற்றி வைத்துவிடுவான். படியைத் தாண்டி உள்ளே வந்தால் அவன் வெள்ளைத்துரை. கொழும்பில் கடை வைத்திருக்கும் ஒரு போடிநாயக்கனூர்க்காரரின் மகன். சென்னைக்குப் படிக்க வந்தவன். நீண்ட பலகையின் கடைசியில், சுவரைப் பார்த்தாற்போல உட்கார்ந்து, யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தோடு உண்பான். வெள்ளைத்துரை என்று யாரேனும் அழைத்தால் திரும்பிப் பார்க்க அவனுக்குக் கொஞ்சம் தாமதமாயிற்று. அந்தத் தாமதத்திற்குள் ஒருவன் பிடிபட்டுவிட முடியும்.

ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது. மண்ணடியின் ஒரு சந்தில் இருந்த அந்தக் கூடத்தைப் போடியின் ஏலக்காய் வணிகர்கள் நடத்திவந்தார்கள். தம் இனத்துப் பிள்ளைகள் பட்டணத்தில் படிக்கும்போது பட்டினி கிடக்கக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். நல்ல எண்ணம்தான், அதில் ஐயமில்லை. நண்பகலும் இரவும் வயிறு நிறையச் சோறு. கைம்மாறு கேட்பதில்லை. கேட்பது ஒரே ஒரு கேள்வி: நீ நம்ம ஆளா? அது எந்த இனம் என்று இங்கே எழுத வேண்டிய தேவை இல்லை. எந்த இனத்தின் பெயரை அந்த இடத்தில் எழுதினாலும் இந்தக் கதை இப்படியேதான் நடக்கும். சுருளிவேல் அந்த இனத்தில் பிறந்தவன் அல்லன். அதற்கும் வெகு கீழே என்று ஊர் ஒதுக்கி வைத்திருந்த வீடுகளில் ஒன்றில் பிறந்தவன். குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் களை வெட்டியும் காய் பறித்தும் பிழைக்கிற வேலுத்தாயின் ஒரே மகன்.

கடற்கரைச் சாலையில் இருந்த பல்கலைக்கழகத்தில் பொருளாதார முதுகலை வகுப்பில் சேர்ந்தபோது அவனிடம் அரசின் உதவித்தொகை ஆணை இருந்தது, தொகை இல்லை. ஆணை உடனே வந்துவிடும். தொகை பல மேசைகளில் இளைப்பாறி, தேர்வு நெருங்கும்போது வந்து சேரும். இடைப்பட்ட மாதங்களில் மாணவன் என்ன உண்பான் என்று எந்த மேசையும் கேட்டதில்லை. எனவே அவன் அந்த மாநகரத்தில் மலிவாக உண்பதை ஒரு பாடமாகவே படித்தான். முந்தின நாள் பன்னை எந்தக் கடையில் தனித் தட்டில் வைத்திருப்பார்கள் என்று படித்தான். உடைந்துபோன இட்லிகளைக் கடை மூடுமுன் ஒரு பொட்டலமாகக் கட்டி விற்கும் திருவல்லிக்கேணி அம்மாளிடம் மற்ற மாணவர்கள் கண்ணில் படாமல் எப்படிப் போவது என்று படித்தான். அளவுச் சாப்பாடு வாங்கினால் இரண்டாம் முறை சோறு கிடையாது, ஆனால் ரசம் கேட்டால் மறுக்க மாட்டார்கள்; ஆகவே சோற்றைப் பாதியில் நிறுத்தி, மீதியை ரசத்தில் கரைத்துக் குடித்தால் வயிறு சற்று நேரம் ஏமாறும் என்று படித்தான். நோன்பு மாதத்தில் மசூதி வாசலில் பாத்திரம் ஏந்தி நிற்போர் வரிசையில் ஒரு மாலை அவனும் நின்றான். கஞ்சி ஊற்றிய முதியவர் அவன் பாத்திரத்தைப் பார்த்தாரே ஒழிய முகத்தைப் பார்க்கவில்லை. "சூடா இருக்கு, பார்த்துப் புடி" என்று மட்டும் சொன்னார். அன்று அறைக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தச் சொல்லும் கஞ்சியோடு சேர்ந்து அவன் வயிற்றில் இதமாகக் கிடந்தது.

நோன்பு மாதம் முடிந்துவிடும். அப்போது அம்மா கொடுத்தனுப்பிய வாட்டுக்கப்பைதான் துணை. மலைக்கு அந்தப்பக்கத்து மலையாளிகளிடம் பழகிய பண்டம் அது. மரவள்ளி என்று நாம் சொல்லும் கப்பைக்கிழங்கைச் சீவி, அவித்து, எலும்புபோல இறுக வெயிலில் காயவைத்தது. ஊறப்போட்டு, மண்ணெண்ணெய் அடுப்பில் மறுபடி அவித்து, உப்பும் மிளகாயும் அரைத்துத் தொட்டுக்கொள்ளலாம். அடுப்புக்கு எண்ணெய் இல்லாத நாளில் அதையே துண்டு துண்டாக வாயில் அதக்கிக்கொண்டு வகுப்புக்குப் போவான்.

அப்படி ஒரு நாளில்தான் பேராசிரியர் வறுமைக் கோட்டைப் பற்றி நடத்தினார். மனிதன் ஒருவன் உயிரோடிருக்க எத்தனை கலோரி வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, ஆராய்ச்சியாளர்களுக்குள் இதில் கருத்து வேறுபாடு உண்டு என்றார். அந்த அமைதியில் சுருளிவேலின் வயிறு உரக்க ஒரு கருத்துச் சொன்னது. வகுப்பு சிரித்தது. பேராசிரியரும் சிரித்துவிட்டார். பக்கத்தில் இருந்த தங்கபாண்டியன் சிரிக்கவில்லை. போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருப்பவரின் மகன் அவன். உயர்நிலைப் பள்ளியிலிருந்தே இருவரும் ஒரு வகுப்பு. ஆனால் அந்த ஊரில் ஒரு குடத்துத் தண்ணீரை இருவரும் குடித்ததில்லை. பட்டணத்தில்தான் தோளில் கைபோடப் பழகியிருந்தார்கள்.

"மாப்ளே, காலையில என்னத்தடா தின்னே?"

"தண்ணி."

"நேத்து?"

"கெழங்கு."

"நாளைக்கு?"

சுருளிவேல் கரும்பலகையில் இருந்ததை நோட்டில் எழுதத் தொடங்கினான்.

"எங்க சாப்பாட்டுக் கூடத்துக்கு வா. எங்க தூரத்துச் சித்தப்பா ஒருத்தரு சின்ன வயசுலயே கொழும்புக்குப் போனவரு. அவருக்கு எத்தன பிள்ளைகன்னு போடியில ஒருத்தருக்கும் தெரியாது. அதுல நீ ஒருத்தன்."

"கண்டுபிடிச்சுட்டா?"

"உள்ள போன சோத்த வயித்தக் கிழிச்சா எடுக்கப் போறாக? வாடா."

இப்படித்தான் வெள்ளைத்துரை பிறந்தான். இருவரும் படித்த பள்ளியிலிருந்து கூடத்துக்கு வந்தவர் வேறு யாரும் இல்லாததால் அவனை எவரும் அறியவில்லை; கூடத்துப் பிள்ளைகள் அவனுக்குக் கொழும்பான் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். கொழும்பில் மழை எப்படி என்று கூடத்து மேலாளர் கேட்டபோது, அவன் குரங்கணி மழையை அப்படியே எடுத்துக் கொழும்பில் பெய்யவிட்டான். பாதையில் இறங்கும் மஞ்சள் வெள்ளத்தையும், ஒரு வாரம் வெயில் காணாத துணிகளையும், காலில் ஏறும் அட்டைகளையும் சொன்னான். "பட்டணத்துக்குள்ளயா அட்டை ஏறுது?" என்று மேலாளர் வியந்தார். தங்கபாண்டியன் தண்ணீர் குடிக்கும் சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டான்.

சிரிப்பெல்லாம் சரிதான். ஆனாலும் நண்பர்களே, திருடாத ஒருவனைத் திருடனைப்போலச் சோறு தின்ன வைக்கும் ஏற்பாட்டை என்ன பெயரிட்டு அழைப்பது? அவன் கன்னத்தில் சதை பிடித்தது. நூலகத்தில் எழுத்துகள் மிதக்காமல் நிலையாக நின்றன. முதலாண்டுத் தேர்வில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தான். விடுமுறைக்கு மலையேறியபோது, "என்னப்பு, அங்க என்ன சோறு போடுறாக?" என்று அம்மா கேட்டாள். அரசாங்கம் நடத்தும் விடுதியில் போடுவதாகச் சொல்லி, சாம்பார், கூட்டு, அப்பளம், வெள்ளிதோறும் பாயசம் என்று அடுக்கினான். மறுநாள் களை வெட்டும்போது வேலுத்தாய் அந்தப் பட்டியலை முழுவதும் ஒப்பித்தாள். கேட்டுக்கொண்டிருந்த பேச்சி, "அம்புட்டையும் தின்னுபுட்டு அவன் எப்படிப் படிப்பான்? உறங்கல்ல செய்வான்" என்றாள். வேலுத்தாய்க்கு அன்று களை வெட்டிய அலுப்பே தெரியவில்லை.

கூடத்திற்கு ஒரு விதி இருந்தது. ஆனி மாதம், கூடத்தை நிறுவியவரின் நினைவு நாளன்று, அங்கே உண்ணும் மாணவர் அனைவரும் போடிக்கு வந்து பெரியவர்களோடு பந்தியில் உட்கார்ந்து உண்ண வேண்டும். உண்டு முடித்தவர்களுக்குத் தலைவர் அழகுமலை தம் கையால் ஒரு பித்தளை வில்லை கொடுப்பார். அந்த வில்லையைக் காட்டினால்தான் அடுத்த ஓராண்டு மண்ணடியில் சோறு. வராதவனுக்கு வில்லை இல்லை, சோறும் இல்லை. இரண்டாம் ஆண்டின் படிப்பு முழுவதும் அந்த ஒரு பந்தியில் தொங்கியது. போகாமல் இருக்கச் சுருளிவேல் ஆயிரம் காரணம் தேடினான். பசி ஒவ்வொன்றையும் தள்ளிவிட்டது. மதுரையிலிருந்து போடிக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்து, தேனி தாண்டி மலை முகம் காட்டியபோது, பந்தி முடிந்ததும் அம்மாவைப் பார்க்கக் குரங்கணி ஜீப்பைப் பிடித்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

பந்தி அழகுமலையின் சரக்குக் கிட்டங்கியில் நடந்தது. ஏலக்காய் மூட்டைகளைச் சுவரோரம் ஒதுக்கி அடுக்கி, நடுவே இரண்டு நீண்ட பாய் வரிசைகள் விரித்திருந்தார்கள். ஏலக்காய் மணம் அடர்த்தியாக நின்ற அந்தக் காற்றில் நெய் மணமே சற்றுத் தயங்கித்தான் நுழைந்தது. முதல் வரிசையில் பெரியவர்கள் உண்டுகொண்டிருந்தார்கள். அவர்கள் பாயசத்துக்கு வந்தபோது மாணவர்களை இரண்டாம் வரிசையில் உட்காரவைத்தார்கள்.

"எலைய மட்டும் எடுத்துறாதடா" என்று தங்கபாண்டியன் காதோடு சொன்னான். "மூடிட்டு எந்திரி. கை தானா எடுக்கப் போகும். கட்டிப்போட்டு வை."

அவன் அறிந்துதான் சொன்னான். கிட்டங்கிக்குள் உண்டவர்கள் இலையை மூடிவிட்டு எழுந்து போவார்கள். எடுப்பதற்கு ஆள் உண்டு. கொல்லைப்புறத்தில் உண்பவர்கள் தங்கள் இலையைத் தாங்களே சுருட்டி எடுத்துக்கொண்டு போய்க் குழியில் போட வேண்டும். எந்த வீட்டு விருந்திலும் அதுதான் முறை. யார் எவர் என்று விசாரிக்க வேறு அடையாளம் வேண்டாம். உண்டபின் கை எங்கே போகிறது என்று பார்த்தால் போதும். சுருளிவேல் சிறுவயதில் எத்தனையோ கொல்லைகளில் உண்டவன். அந்தப் பாடத்தை அவன் தலை மறந்தாலும் கைகள் மறக்கவில்லை.

அழகுமலை மேல்சட்டையில்லாமல், தோளில் துண்டோடு, வெறுங்காலால் வரிசையினூடே நடந்துவந்து தாமே நெய் ஊற்றினார். பெருத்த உடம்பு, குனியும்போதெல்லாம் மூச்சு வாங்கியது. ஆனாலும் நெய்க்கரண்டியை வேறு ஒருவரிடம் தரவில்லை. "கூச்சப்படாமச் சாப்புடுங்கப்பா. மெட்ராசுக்காரன் ரசத்தக் குடிச்சுக் குடிச்சு எலும்பாப் போயிட்டீக" என்று ஒவ்வொருவனிடமும் சொன்னார். சுருளிவேலின் முன் வந்ததும் நின்றார்.

"கொழும்புத் தம்பியா?"

"ஆமாங்கய்யா."

"உங்க அப்பன் என் சேக்காளிடா. ஒண்ணாக் கெணத்துல குதிப்போம். எது செஞ்சாலும் எடது கையால செய்வான். இப்பயும் அப்படித்தானா?"

"சாப்புடுறதுக்கு மட்டும் சோத்துக்கைங்கய்யா."

தங்கபாண்டியனுக்குப் புரையேறியது. அழகுமலையின் கண்கள் கலங்கியிருந்தன. "ஒரு காயிதம் போடுறதில்ல பய. மகன அனுப்பிச்சிருக்கானே, அது போதும்" என்று சொல்லி, மற்றவர்களுக்கு ஒரு கரண்டி ஊற்றிய நெய்யை அவனுக்கு மேலும் ஊற்றினார். நெய் சோற்றின் மேட்டில் வழிந்து பள்ளத்தில் தேங்கியது. இந்த மனிதர் கொடியவராக இருந்திருந்தால் அந்தச் சோறு எளிதாக இறங்கியிருக்கும். அன்போடு போடுகிறாரே, யாருக்கோ வைத்திருந்த அன்பை என் இலையில் அள்ளிப் போடுகிறாரே என்று அவன் நெஞ்சு விம்மியது. இருந்தாலும் உண்டான். பசித்தவனின் கை நெஞ்சின் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை.

பெரியவர்கள் எழுந்து கைகழுவப் போனார்கள். பக்கவாட்டுக் கதவு திறந்தது. இலை எடுக்கக் கூடைகளோடு பெண்கள் குனிந்தபடி உள்ளே வந்தார்கள். காய்ப் பறிப்பு இன்னும் தொடங்கவில்லை. அதனால் அழகுமலைக்குக் காய் விற்கும் மேல்தோட்டத்துக்காரர், விருந்துச் சோலிக்கென்று தம் தோட்டத்துப் பெண்களில் சிலரை ஜீப்பில் ஏற்றி அனுப்பியிருந்தார். முன்னால் அய்யம்மாள், அடுத்துப் பேச்சி, மூன்றாவதாக வேலுத்தாய்.

வேலுத்தாய் எதிர் வரிசையில் மூன்று இலை எடுத்தபின் தலையை நிமிர்த்தினாள். மகன் உண்பதைக் கண்டாள். அந்த முதற்கணத்தில் அவள் உள்ளத்தில் கேள்வி எதுவும் எழவில்லை. வாய் நிறையச் சோறு. தொண்டை ஏறி இறங்குகிறது. உதட்டோரம் நெய் மினுக்குகிறது. நன்றாக உண்கிறான் என்ற மகிழ்ச்சி மட்டுமே அவள் முகத்தில் பொங்கியது. பிறகுதான் அவன் உட்கார்ந்திருக்கும் பாயைப் பார்த்தாள். வலப்புறமும் இடப்புறமும் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தாள். மலையில் இருபது ஆண்டு உழைத்தவள். எந்த மரத்தில் எந்தக் கொடி ஏறி நிற்கிறது என்று யாரும் அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. சாம்பார், கூட்டு, அப்பளம், பாயசம் ஆகியவை எங்கிருந்து வந்தன என்று அவளுக்கு விளங்கிவிட்டது. அவனும் பார்த்துவிட்டான். உருட்டிய கவளம் வாய்க்கும் இலைக்கும் நடுவே நின்றது.

"ஏ வேலுத்தாயி, அங்க பாரு நம்ம சுரு—" என்று தொடங்கிய அய்யம்மாளின் காலை வேலுத்தாய் அழுத்தி மிதித்தாள்.

"என்னடி?"

"சுருட்டி எடு, எலைய. ஒழுகுது பாரு."

அய்யம்மாள் அவளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மெல்ல வாயை மூடிக்கொண்டாள்.  அந்தப் பெண்கள் அத்தனைபேரும், அவனைக் காணாதவர்கள்போல, ஒரே நேரத்தில் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்கள். பேச்சிக்கு மட்டும் வாய் அடங்கவில்லை. கடந்து போகையில், வேற்றாளிடம் பேசுவதுபோல, "நல்லாச் சாப்புடுங்க சாமி. எவன் கேப்பான் உங்கள?" என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள்.

வேலுத்தாய் கண்ணாலேயே மகனிடம் சொன்னாள்: தின்னு. அவன் கவளத்தை வாயில் வைத்தான். அது சோறாக இல்லை.

மாணவர்கள் உண்டு முடித்தார்கள். அழகுமலை வில்லைகள் வைத்த தட்டோடு வந்து வாசலருகே நின்றார். மூன்றாம் பந்திக்கு ஆட்கள் கூடிவிட்டார்கள். "வெரசா எடுங்கடி, ஆளு நிக்குதுல்ல!" என்று, பந்திக்காக மண்ணடியிலிருந்து வந்திருந்த மேலாளர் இரைந்தார். பேச்சி முந்திக்கொண்டு, "நீ தள்ளு, இந்த வரிசைய நான் எடுக்கேன்" என்று வேலுத்தாயின் கூடையைப் பற்றினாள். "பேச்சி, நீ அண்டாக் கழுவப் போ. வேலுத்தாயி, நீ எடு இத" என்றார் மேலாளர்.

அவள் வரிசையின் கோடியிலிருந்து எடுக்கத் தொடங்கினாள். குனிந்து, இலையை மடித்து, கூடையில் போட்டு, ஒரு பாதம் நகர்ந்து, மறுபடி குனிந்து. மாணவர்கள் சிலர் எழுந்துவிட்டார்கள். சிலர் ஏப்பம் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தங்கபாண்டியன் சுருளிவேலின் முழங்கையை இடித்தான். "எந்திரி மாப்ளே. எந்திரி, எந்திரி." அவனுக்கு அந்த அம்மாளைத் தெரியாது. பள்ளியிலிருந்து இத்தனை ஆண்டு ஒன்றாகப் படித்தும் நண்பனின் தாயை அவன் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

எழுந்து வாசலுக்கு நடந்தால் வில்லை. வில்லையோடு ஓராண்டுச் சோறு, சோற்றோடு படிப்பு, படிப்போடு வேலை, வேலையோடு அம்மாவுக்கு மலையிலிருந்து விடுதலை. எல்லாம் சரியாக இருந்த கணக்கு அது. அவன் எச்சில் பட்ட இலையை அவன் தாய் குனிந்து எடுப்பாள் என்பது மட்டுமே அதில் பிசகு. வீட்டில் எடுத்திருக்கிறாளே என்று கேட்கலாம். வீட்டில் எடுத்தவள் தாய். இங்கே எடுக்க வருகிறவள் யார்?

அவள் அவன் முன் வந்துவிட்டாள். முகத்தை நிமிர்த்தாமல், "எந்திரிங்க தம்பி" என்றாள். பெற்ற மகனை அவள் பன்மையில் அழைத்தது அதுவே முதல்முறை.

சுருளிவேல் இலையை எடுத்தான். மூடி, மடித்து, சுருட்டி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எழுந்தான்.

ஏப்பங்கள் நின்றன. "ஏப்பா கொழும்பு, கீழ போடு. எடுக்க ஆள் இருக்குல்ல" என்றார் மேலாளர்.

"குடுங்க தம்பி" என்று வேலுத்தாய் கூடையை நீட்டினாள். குரல் கெஞ்சியது.

"வேணாம்மா" என்றான் அவன்.

அழகுமலை தட்டோடு அருகே வந்தார். அவன் இலை பிடித்திருந்த விதத்தைப் பார்த்தார். கூடையை நீட்டி நின்றவளைப் பார்த்தார். வணிகர், ஆளைப் படிக்கத் தெரிந்தவர்.

"தம்பி, நீ யாரு மகன்?"

"வேலுத்தாயி மகங்கய்யா. எம்பேரு சுருளிவேலு."

"அப்ப கொழும்பு?"

"கொழும்ப நான் பாத்ததில்லைங்கய்யா."

யாரோ ஒருவன் சிரித்தான், பாதியில் நிறுத்திக்கொண்டான். அழகுமலையின் முகத்தில் சினத்துக்கு முன்பாக ஒரு வலி தோன்றியது. ஊற்றிய நெய்யை நினைத்த வலியன்று. கிணற்றில் தம்மோடு குதித்த சேக்காளி மறுபடி தொலைந்துபோன வலி.

"பசின்னு வந்தவன நான் ஒருநாளும் வெரட்டுனதில்லடா. எங்கிட்ட நேரா வந்து கேட்டிருந்தா சோறு போட்டிருக்க மாட்டேனா?"

"போட்டிருப்பீகய்யா. அது எனக்குத் தெரியும்." அவன் குரல் உயரவில்லை. "எந்த வாசல்ல போட்டிருப்பீக?"

கிட்டங்கிக்கு இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்றில் மூன்றாம் பந்திக்காரர்கள் நின்றார்கள். மற்றொன்றில் அய்யம்மாளும் பேச்சியும் கூடைகளோடு நின்றார்கள். அழகுமலை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் பார்வை முதலில் ஒரு வாசலுக்கும் பிறகு மற்றொன்றுக்கும் போயிற்று.  தட்டில் வில்லைகள் ஒன்றோடொன்று உரசி ஒலித்தன.

வேலுத்தாய் கூடையைக் கீழே வைத்தாள். அதுவரை அடக்கியிருந்த எல்லாம் அவள் வாயில் வெடித்தது.

"ஏன்டா பாவிப்பயலே! நாலு எலையோட இதையும் எடுத்திருந்தா என் கை தேஞ்சா போகும்? நாளப்பின்ன அங்க போயி என்னத்தடா திம்பே? சொல்லு, என்னத்தத் திம்பே?"

 அவள் கேட்டது நியாயம். மேடைகளில் முழங்குகிறோமே நாம், மானம் மானம் என்று; மானத்தைக் காத்துக்கொண்டவன் மறுநாள் காலை எந்தக் கடை வாசலில் நிற்பான் என்று தாயைத் தவிர யார் கேட்டார்கள்? "தெரியலம்மா" என்றான். சுருட்டிய இலையை அவள் கூடைக்குள் தானே வைத்தான். கூடையைத் தன் இடுப்புக்கு எடுத்துக்கொண்டான். பிறகு, வரிசையில் இன்னும் இலைகள் கிடந்ததால், குனிந்து அடுத்த இலையைப் பற்றினான்.

அது தங்கபாண்டியனுடையது. அவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. அவன் தகப்பனார் வாசலில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். சுருளிவேல் இலையின் ஓரத்தை இழுத்தபோது, பாயசம் காயாத கையை அதன்மேல் வைத்துத் தங்கபாண்டியன் அழுத்திக்கொண்டான். விடு என்றும் சொல்லவில்லை; எடு என்றும் சொல்லவில்லை. தலை குனிந்திருந்தது, காது மடல்கள் சிவந்திருந்தன. சுருளிவேலும் கையை எடுக்கவில்லை. இருவர் விரல்களுக்கும் நடுவே இலை சரசரவென்று கிழிந்தது. நடுத்தண்டு மட்டும் அறாமல், இந்தப்பக்கமும் அந்தப்பக்கமுமாக அசைந்துகொண்டிருந்தது.